ஒரே வியர்வைக்கு இரண்டு ரசீது

நாற்பது நிமிடம் சைக்கிள் மிதித்துவிட்டு இறங்கினால் எனக்கு மூன்று கலோரிக் கணக்கு கிடைக்கிறது. சைக்கிளின் திரையில் 395. கையில் கட்டிய வாட்சில் 310. இரண்டிடமிருந்தும் தகவல் வாங்கிக்கொள்ளும் போன் ஆப்பில் 705. மூன்றாவது எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. தணிக்கைதான் என் தொழில். ஒரே செலவுக்கு இரண்டு ரசீது வந்திருக்கிறது, இரண்டையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்கள்.

வாட்சையும் வீட்டு மெஷினையும் இணைப்பது இப்போது பெரிய வித்தையே இல்லை. இரண்டு பட்டனை அழுத்தினால் இணைந்துவிடும். எந்த எண்ணை யாரிடம் வாங்குவது என்பதைத்தான் எந்த ஆப்பும் நம்மைக் கேட்பதில்லை. என் கட்சி இது: ஒவ்வோர் அளவுக்கும் ஒரே சாட்சி. இரண்டு சாட்சி சொன்னதைக் கூட்டுவது மோசடி, சராசரி எடுப்பது சோம்பேறித்தனம்.

முதலில் யாருக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம். சைக்கிளுக்குத் தெரிவது நான் செய்த வேலை: பெடலில் எவ்வளவு விசை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று, இரண்டும் சேர்ந்து எத்தனை வாட். வாட்சுக்குத் தெரிவது அந்த வேலைக்கு என் உடம்பு கொடுத்த பதில், அதாவது இதயத் துடிப்பு. கலோரியை இரண்டுமே அளக்கவில்லை. ஆளுக்கொரு வழியில் ஊகிக்கின்றன.

சைக்கிளின் ஊகத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். சராசரி 150 வாட்டில் 40 நிமிடம், அதாவது 2,400 விநாடி மிதித்தால் 360 கிலோஜூல் வேலை. ஒரு கிலோகலோரி (திரைகள் ‘கலோரி’ என்று காட்டுவது இதைத்தான்) 4.184 கிலோஜூல் என்பதால், பெடலுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 86 கிலோகலோரி. ஆனால் உடம்பு எரிப்பதில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்கு வருகிறது, மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. 25 சதவீதம் என்று வைத்தால் எரித்தது 344. 20 என்று வைத்தால் 430. நடுவில் 24 என்று எடுத்தால் கிட்டத்தட்ட 360 வரும். கிலோஜூல் எண்ணும் கலோரி எண்ணும் ஒன்றாகிவிடுவதால் சைக்கிள்காரர்கள் பலர் கிலோஜூலையே கலோரியாக வைத்துக்கொள்கிறார்கள். என் சைக்கிளைச் செய்தவர்கள் 22-ஐ ஒட்டி ஏதோ வைத்திருக்க வேண்டும். அதனால்தான் 395.

இதே 150 வாட்டை, இதே 40 நிமிடத்துக்கு, கான்செப்ட்2 நிறுவனத்தின் துடுப்பு மெஷினில் இழுத்தால் திரை 544 காட்டும். அவர்களுடைய சூத்திரம் வெளிப்படையானது: வாட்டை 4-ஆலும் 0.8604-ஆலும் பெருக்கி, அதோடு 300-ஐக் கூட்டினால் ஒரு மணி நேரத்துக்கான கலோரி. 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ எடையுள்ள ஒருவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. துடுப்பு இழுக்கும்போது உடம்பும் முன்னும் பின்னும் நகர்வதால் கொஞ்சம் கூடுதலாக வருவதில் நியாயம் உண்டு. ஆனால் உட்கார்ந்திருப்பவர் 50 கிலோவா 100 கிலோவா என்று மெஷின் கேட்பதில்லை.

வாட்சின் ஊகம் இன்னும் மங்கல். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் மிக நன்றாகச் செய்த கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. மிக மோசமானதற்கு 93. அதன்பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, சரி. ஆனாலும் வாட்ச் எதைப் பார்த்துச் சொன்னால் நம்பலாம், எதைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போகலாம் என்பதற்கு எனக்கு அந்த ஒரு ஆய்வு போதும். துடிப்புக்கு வாட்ச் சாட்சி. வேலைக்கு மெஷின் சாட்சி. கலோரிக்கு, வேறு வழியில்லாமல், மெஷினின் வாட்டிலிருந்து நானே போடும் கணக்கு.

இந்த ஏற்பாடு சைக்கிளில் ஒழுங்காக நடந்தது. டிரெட்மில்லில் அம்மா ஏறியதும் குழம்பிப் போனது.

அம்மாவுக்கு விழுந்துவிடுவோமோ என்று பயம். இரண்டு கையாலும் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அரை மணி நேரம் நடந்து இறங்கினால் வாட்சில் சொற்பக் காலடிதான் இருக்கும். காரணம் எளிது. வாட்சுக்குள் இருக்கும் முடுக்கமானி கை அசைவைப் பார்த்துத்தான் காலடியை எண்ணுகிறது. கை கம்பியில் இருந்தால் ஆள் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்கிறது. நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "ஏண்டி, நான் நடந்தது நடந்ததுதானே? அது எண்ணினா என்ன, எண்ணாட்டி என்ன?" பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் அம்மாவுக்குச் சாய்வு வைத்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சாய்வில்தான் விஷயமே இருக்கிறது.

வெளியே ஒரு மேட்டில் ஏறினால் காற்றழுத்தம் குறையும். வாட்சில் இருக்கும் அழுத்தமானி உயரம் கூடுவதைக் கண்டுகொள்ளும். டிரெட்மில்லில் சாய்வை 5 சதவீதம் வைத்தாலும் அறை அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஆள் மேலே போவதே இல்லை. ஆகவே வாட்சைப் பொறுத்தவரை அது சமதரை நடை. உடம்பைப் பொறுத்தவரை அப்படி இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் நடைச் சமன்பாடு ஒன்று உண்டு: நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை 0.1-ஆல் பெருக்க வேண்டும். அதே வேகத்தைச் சாய்வாலும் (5 சதவீதம் என்றால் 0.05) 1.8-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும்; கடைசியில் ஓய்வு நிலைக்கு 3.5. கிடைப்பது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்பது. மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 66.7 மீட்டர். சமதரையில் 10.2 வரும். 5 சதவீதச் சாய்வில் 16.2. வேகம் மாறாமலே உழைப்பு 60 சதவீதம் கூடிவிட்டது, வாட்சின் காலடிக் கணக்கு இதில் ஒன்றையும் பார்க்கவில்லை.

அப்படியானால் மெஷினை நம்பலாமா என்றால், அங்கேயும் ஒரு வில்லங்கம். இந்தச் சமன்பாடு கம்பியைத் தொடாமல் நடப்பவருக்கானது. கம்பியில் சாய்ந்து உடல் எடையின் ஒரு பங்கைக் கைக்குக் கொடுத்துவிட்டால் கால் செய்யும் வேலை குறைகிறது, மெஷின் மட்டும் முழுக் கணக்கையும் எழுதிக்கொண்டே போகிறது. வாட்ச் குறைத்துச் சொல்கிறது, மெஷின் கூட்டிச் சொல்கிறது, உண்மை நடுவில் எங்கோ. இங்கே சராசரி எடுத்தால் சரியாக வந்துவிடும் என்று தோன்றும். வராது, அம்மா கம்பியில் எவ்வளவு சாய்கிறார் என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. அதனால் அவர் வரிசையில் கலோரியையும் காலடியையும் எடுத்தேவிட்டேன். மெஷினிலிருந்து நேரம், வேகம், சாய்வு. மேற்கையில் கட்டும் ஒளிப் பட்டையிலிருந்து துடிப்பு. அவ்வளவுதான். அதே வேகம், அதே சாய்வில் துடிப்பு குறைந்துவருகிறதா என்று பார்த்தால் போதும்.

டிரெட்மில் சொல்லும் வேகத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெல்ட்டின் முழு நீளத்தை அளந்துகொள்ள வேண்டும். 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 சுற்றுக்கு 60 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 100 மீட்டர். எனவே 20 சுற்று சரியாக 36 விநாடியில் முடிய வேண்டும். ஒருவர் மேலே நடக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் எடை ஏறினால் சில மெஷின்களில் பெல்ட் மந்தமாகிறது. சாட்சியை விசாரிக்காமல் பதிவேட்டில் ஏற்றுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

துடிப்புக்கு வாட்ச் சாட்சி என்றேன். அதிலும் ஒரு நிபந்தனை. வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்து ரத்த ஓட்டத்தைப் படிக்கிறது. மணிக்கட்டு மடங்கினாலோ, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாலோ, பட்டை தளர்ந்தாலோ படிப்பு கெடும். ஓடும்போது இன்னொரு தொல்லை: சில சமயம் வாட்ச் துடிப்பை விட்டுவிட்டு, கால் தரையில் விழும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 165 என்று காட்டுவது இதயமா காலா என்று சந்தேகம் வந்தால், மெஷினின் காலடி வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால் அது கால்தான். நெஞ்சில் கட்டும் பட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை, அது இதயத்தின் மின் துடிப்பையே எடுக்கிறது. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் எண்பதுகளின் தொடக்கத்திலேயே கம்பியில்லாமல் கொண்டுவந்த சமாசாரம் இது, இன்றைக்கும் மதிப்புக் குறையவில்லை.

நெஞ்சுப் பட்டை வாங்கியபிறகு எனக்குப் பாதி வேலை குறைந்தது. துடிப்பை நேராக மெஷினுக்கே அனுப்பிவிட்டால் வாட்டும் துடிப்பும் ஒரே கோப்பில், ஒரே கடிகாரத்தில் பதிவாகிவிடும். பின்னால் இணைக்கத் தேவையே இல்லை. பல வாட்ச்களும் துடிப்பை இப்படி ஒலிபரப்பும், அமைப்பில் தேடினால் கிடைக்கும். இதற்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஏஎன்டி பிளஸ் (ANT+) என்ற கம்பியில்லாத் தொடர்பு முறை வானொலி நிலையம் மாதிரி ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் கேட்கலாம். புளூடூத்தில் பெரும்பாலும் ஒரு பட்டைக்கு ஓர் இணைப்பு, சிலவற்றில் இரண்டு. "பட்டை தெரியவே மாட்டேன் என்கிறது" என்று யாராவது புலம்பினால், முதலில் போனில் ஏதாவது ஆப் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் தரப்பில், 2017-இல் புளூடூத் தரத்தை நிர்வகிக்கும் அமைப்பு ஃபிட்னஸ் மெஷின் சர்வீஸ் (சுருக்கமாக எஃப்டிஎம்எஸ், FTMS) என்று ஒரு பொது விதியைக் கொண்டுவந்தது. சைக்கிள், டிரெட்மில், துடுப்பு மெஷின், கிராஸ் டிரெய்னர் எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. வாங்கும்போது எஃப்டிஎம்எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால், கம்பெனியின் சொந்த ஆப்போடு காலம் முழுக்கக் கட்டுண்டு கிடக்க வேண்டாம்.

போனுக்குள் வந்தபிறகு நடப்பது தனிக் கதை. ஐபோனில் 2014-இல் வந்த ஹெல்த்கிட், ஆண்ட்ராய்டில் 2022-இல் அறிவிக்கப்பட்டு 14-ஆம் பதிப்பிலிருந்து அமைப்புக்குள்ளேயே சேர்ந்துவிட்ட ஹெல்த் கனெக்ட். இரண்டும் பொதுக் கிடங்குகள்தான், எல்லா ஆப்பும் வந்து கொட்டும், எடுக்கும். ஐபோனில் ஒவ்வோர் அளவுக்கும் எந்தக் கருவி முதலிடம் என்று வரிசை வைக்கலாம்; ஒரே நேரத்துக்கு இரண்டு கருவி காலடி எண்ணியிருந்தால் மேலே இருப்பதன் கணக்கு எடுபடும். ஆனால் பயிற்சிப் பதிவுகள் அப்படிக் கலக்காது. வாட்சில் ஒன்று, மெஷினில் ஒன்று தொடங்கினால் இரண்டு பயிற்சியாகவே நிற்கும். அதை எடுத்துக் கூட்டும் ஆப்தான் எனக்கு 705 காட்டியது. தீர்வு சின்னது: மெஷின் ஆப்புக்குக் கலோரி எழுதும் அனுமதியை ரத்து செய்துவிட்டேன். இந்த அனுமதிப் பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

இணைப்பதால் ஒரு நன்மை நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. எங்கள் சைக்கிள், பக்கத்தில் எந்த போன் விழித்திருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். என் கணவர் விடியற்காலையில் மிதிப்பார், என் போன் அடுத்த அறையில் இருக்கும். அவர் மிதித்ததெல்லாம் என் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. தனியாகப் பார்த்திருந்தால் நான் திடீரென்று பலசாலி ஆகிவிட்டதாகத்தான் தோன்றியிருக்கும். வாட்சின் பதிவைப் பக்கத்தில் வைத்தபோது, 190 வாட்டுக்கு நேராக 54 துடிப்பு. ஆழ்ந்த தூக்கத்தில் 190 வாட்! "ஏங்க, என் பேர்ல மிதிக்கிறதை நிறுத்துங்க" என்றால், "உனக்குப் புண்ணியம் சேரட்டுமேன்னு பார்த்தேன்" என்கிறார். இப்போது என் இணைப்பில் ஒரு விதி இருக்கிறது: வாட் 100-க்கு மேல், துடிப்பு 80-க்குக் கீழ் என்று ஐந்து நிமிடம் நீடித்தால் அந்தப் பதிவு தனியே ஒதுங்கும்.

பழைய பதிவுகளைக் கோப்பாக எடுத்து இணைக்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். வாட்ச் தருவது பெரும்பாலும் ஃபிட் (FIT) என்ற வகைக் கோப்பு. அதில் நேரம் 1989 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி என்று எழுதப்பட்டிருக்கும். கணினிகள் பொதுவாக 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணும். வித்தியாசம் 63,10,65,600 விநாடி. இதைக் கூட்ட மறந்தால் நேற்று மிதித்த சைக்கிள் இருபது வருடத்துக்கு முன் மிதித்ததாகக் காட்டும். தெரிந்த பிழை, கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழை, மெஷினின் கடிகாரம் சில விநாடியோ நிமிடமோ விலகியிருப்பது. அதற்கு என் உபாயம்: ஒரே நெஞ்சுப் பட்டையின் துடிப்பை வாட்சும் மெஷினும் இரண்டுமே பதிய வைப்பது, ஏஎன்டி பிளஸில் ஒன்று, புளூடூத்தில் மற்றது. அப்புறம் ஒரு துடிப்புக் கோட்டை மற்றதன்மேல் வைத்து, இரண்டும் பொருந்தும்வரை விநாடி விநாடியாக நகர்த்த வேண்டும். பொருந்திய இடத்தில் எத்தனை விநாடி நகர்த்தினோமோ அதுதான் கடிகாரப் பிழை. பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற தரவுக் கருவித்தொகுப்பு தெரிந்தவர்களுக்குச் சில வரி வேலை. தெரியாதவர்களுக்குக் கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருளில் இரண்டு பதிவுகளைச் சேர்க்கும் வசதி உண்டு.

விடுபட்ட விநாடிகளை நிரப்பும்போது கவனம். துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், நடுவில் ஒரு கோடு போட்டு நிரப்பினால் தப்பில்லை. வாட் அப்படி இல்லை. கால் நின்ற விநாடியே பூஜ்யம். அதை நிரப்பினால் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதியதாகும்.

சரி, இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது? ஒரு துடிப்புக்கு எத்தனை வாட் என்ற ஓர் எண். விநாடிக்கு விநாடி இதைப் பார்ப்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் வாட் ஏறியபின் துடிப்பு அதை எட்டிப் பிடிக்க அரை நிமிடம், ஒரு நிமிடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். முதல் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு, மிச்சத்தை இரண்டு பாதியாக வெட்டிப் பார்க்கிறேன். முதல் பாதியில் 150 வாட்டுக்கு 125 துடிப்பு என்றால் 1.20. இரண்டாம் பாதியில் அதே 150-க்கு 132 என்றால் 1.14. சரிவு 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பதற்கான பயிற்சி செய்பவர்கள் 5-க்குள் இருந்தால் அந்த வேகம் நமக்குத் தாங்குகிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு ஒரு காலம் அது 8, 9 என்று நின்றது. உடம்பில் ஏதோ கோளாறு என்று கவலைப்பட்டு, கடைசியில் காற்றாடியை அறைக்குள் கொண்டுவந்து வைத்ததும் பாதியாகக் குறைந்தது. வீட்டுக்குள் மிதிக்கும்போது எதிர்க்காற்று கிடையாது. உடம்பு சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்வையில் நீரும் போகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. வாட்ச் மட்டும் இருந்திருந்தால் துடிப்பு ஏறுவதைப் பார்த்து நான் கடினமாக உழைக்கிறேன் என்று பாராட்டியிருக்கும். மெஷின் மட்டும் இருந்திருந்தால் வாட் மாறாததைப் பார்த்து எல்லாம் சுகம் என்றிருக்கும்.

மாதம் ஒருமுறை இரண்டு தரப்பின் மூலக் கோப்புகளையும் இறக்கித் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன், இணைத்த கோப்பு மூன்றாவது. முன்பு வைத்திருந்த ஒரு மெஷினின் ஆப் ஒருநாள் நிறுத்தப்பட்டது. இறக்கி வைத்திருந்ததால் என் பதிவுகள் பிழைத்தன. இணைப்பு விதியை நான் அடிக்கடி மாற்றுகிறவள். ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்து ஆரம்பிக்க முடிகிறது.